பெரிய வியாழனும் அப்பாவின் காலும்

தலைமுறைகளை இணைப்போம் என்று யாராவது மைக்கைப் பிடித்துச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அந்தச் சொல்லோடு எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. எங்கள் கிறிஸ்தவச் சபையில் அதைச் செய்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூட்டத்தில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் புனேயில் தாபோடியில் இருந்தோம். ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறை வீடு. நான், என் மனைவி, கல்லூரியில் முதல் வருடம் படித்த மகள், என் அப்பா. விடிவதற்கு முன் லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போவேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் அப்பாவின் காலுக்குக் கட்டுப் போடுவது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரோடு போடுகிற கூட்டத்தோடு வந்து புனேயிலேயே தங்கிவிட்டவர். வயதான காலத்தில் சர்க்கரை வியாதி முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். விரல் எடுத்த இடம் ஆறியது. உள்ளங்காலில் இருந்த புண் ஆறவில்லை. கட்டைப் பிரிக்கும்போது வரும் நாற்றத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. மழையில் அடைத்துக்கொண்ட சாக்கடையும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த நாற்றம். துணி மஞ்சளாகவும் பச்சையாகவும் ஊறியிருக்கும். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் அதை எடுக்க வேண்டும். அப்பா வலியைக் காட்டமாட்டார். சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மராட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடுவாள். நான் கட்டுப் போட்டு முடித்து, தரையை ஃபினாயில் ஊற்றித் துடைத்த பிறகுதான் திரும்பி வருவாள். மற்ற நேரத்திலும் தாத்தாவின் கட்டில் பக்கம் போவதில்லை. சாப்பாட்டுத் தட்டை ஸ்டூல்மேல் வைப்பாள். பிறகு அந்த ஸ்டூலைக் காலால் கட்டில் பக்கமாகத் தள்ளிவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருக்கும். அறைந்ததில்லை. கேட்டதும் இல்லை.

அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டுவிட்டார். நான் குனிந்து கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏல, ஒம் மவ எம் பக்கத்துல வந்து உக்காந்து எத்தன வருசம் இருக்கும்? சின்னப் பிள்ளையில எம் நெஞ்சுலயேல்லா கெடப்பா. இப்பம் பேயக் கண்ட மாதிரி ஓடுதா."

"பரீட்சை இருக்குப்பா."

"பரீட்சை எங் கால்லயா வச்சிருக்காவ?"

நான் அடுத்த சுற்றைச் சுற்றினேன். அவரே சொன்னார். "ஒருநாளு வந்து இந்தக் கட்டில்ல உக்காந்தா போதும்ல. பேசணும்னுகூட இல்ல."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என்னால் அதை வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் அனுசரிக்கும் லெந்து தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தலைமுறைகளை இணைப்போம் என்ற பெயரில் சபையில் அந்த அறிவிப்பு வந்தது. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் ஆங்கில ஆராதனை நடக்கும் ஒரு பழைய கோயிலை மத்தியானத்துக்குமேல் எங்களுக்கு விடுவார்கள். முன்பெல்லாம் எங்களைப் போல வேலைக்கு வந்த குடும்பங்கள் மட்டும்தான். பிறகு கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் படித்த பிள்ளைகள் வந்தார்கள். கோயில் வாசலில் கார்கள் நின்றன. முன் பெஞ்சுகள் ஒரு மாதிரியாகவும் பின் பெஞ்சுகள் ஒரு மாதிரியாகவும் ஆயின. நான் எப்போதும் பின் பெஞ்சு.

சபையின் செயலாளர் சென்னைக்காரர், ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். சுவரில் படம் காட்டி விளக்கினார். ஒவ்வொரு வாலிபருக்கும் ஒரு முதியவர் கிடைப்பார். லெந்து முழுவதும் ஞாயிறுதோறும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். பேச வேண்டும், ஜெபிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று, ஆண்டவர் சீஷர்களுக்குச் செய்தது போல, அந்த முதியவரின் பாதங்களைச் சபைக்கு முன்னால் கழுவ வேண்டும்.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்று சிரித்தார். "சொந்தத் தாத்தா பாட்டி கெடையாது. அவங்கள வீட்ல நீங்க எப்படியும் பாத்துப்பீங்க. இது ஆவிக்குரிய உறவு."

எல்லோரும் ஆமென் என்றார்கள். என் மகளும் சொன்னாள். அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

எப்படியும் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? இதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. மனைவி என் முழங்கையை இடித்தாள்.

"கேளுங்களேன்."

"நீ கேளு."

"வீட்டு ஜெபத்துலகூட முறை வந்தா இருமிட்டு விட்டுருதியோ. ஒங்ககிட்டப் போயி சொன்னேன் பாருங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதியவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டார்கள். வாலிபர்கள் வரிசையாக வந்து கையை விட்டு எடுத்தார்கள். காணிக்கை போடுகிற பையிலிருந்து கிழவர்களை எடுப்பதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். என் மகளுக்கு, வசதியானவர்கள் இருக்கும் ஔந்தில் தனியாக இருந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வந்தார். என் அப்பாவின் சீட்டு கராடியில் வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம பிள்ளைக்கு யாரு விழுந்தா?" என்று கேட்டார்.

"ஔந்த்ல ஒரு மேனேஜர் சார்."

"அவருக்கும் கால்ல புண்ணு உண்டோ?"

"இல்லப்பா."

"அப்பம் சரி," என்றார்.

கராடிப் பையன் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கெட்ட பையன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஒரு கேக் டப்பாவோடும் கேமராவோடும் வந்தான். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கேக். அப்பா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"தாத்தா, நல்லாருக்கீங்ளா? உங்க காலத்துல லைஃப் எப்படிங் இருந்துச்சு?" கேட்க வேண்டிய கேள்விகளை யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"எங் காலத்துலயா? ஏம்யா, இப்பம் நடக்குறது யார் காலம்?"

பையன் சிரித்தான். அப்பாவுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. அவன் அப்பாவின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். இடுப்புக்குமேல் தெரியும்படி எடுத்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அன்றைக்குப் புண் கசிந்திருந்தது, ஜன்னல் பக்கத்திலேயே நின்றபடி ஜெபித்துவிட்டுக் கிளம்பினான். அதன்பிறகு வரவில்லை. ஆபீசில் ஏதோ ரிலீஸ், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று பக்கத்து வீட்டு ஃபோனுக்குச் செய்தி வந்தது.

அப்பா மட்டும் ஞாயிறுதோறும் சவரம் செய்துகொண்டு, மத்தியானத்திலிருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ரிலீஸ்னா என்னதுல?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"செயில்லருந்து விடுவாவளே, அதுவா?"

மகள் ஔந்துக்குப் போவதை ஒரு ஞாயிறும் விடவில்லை. நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அவள் மாடிக்குப் போவாள், நான் கீழே காவலாளியின் பெஞ்சில் இருப்பேன். திரும்பி வரும்போது முகம் அவ்வளவு மலர்ந்திருக்கும்.

"அங்கிள் பஹுத் க்யூட் அப்பா, ரொம்ப நல்லவர். லண்டன்ல டிரெய்னிங் போனாராம். எனக்கு செஸ் சொல்லிக் குடுக்கறார்."

"அங்கிளா? தாத்தான்னுல்ல சொல்லச் சொன்னாங்க."

"தாத்தான்னா அவருக்குப் பிடிக்கல. வயசானவன் மாதிரி இருக்காம்."

ஒருநாள் அவர் காவலாளியை அனுப்பி என்னை மேலே வரச் சொன்னார். போனேன். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் மகள் ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரை வாசித்துக் காட்டினாள். அவர் காலில் வெள்ளைக் காலுறை போட்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு வாசனையும் இல்லை, கெட்டதும் இல்லை நல்லதும் இல்லை. எனக்குக் கொடுத்த தேநீரைக் கீழே வைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தனியாக இருக்கிற மனிதர், மரியாதையாகப் பேசினார், என் அப்பாவின் காலைப் பற்றியும் விசாரித்தார். என் மகளின் கையைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்தக் கைக்குத் தட்டு பிடிக்கத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று வாலிபர்கள் சாட்சி சொன்னார்கள். என் மகளும் மேடைக்குப் போனாள். முதியவர்களிடம் இவ்வளவு அன்பு இருக்கும் என்று இதற்கு முன் தெரியாது, இந்த லெந்துவில் ஆண்டவர் என் கண்களைத் திறந்தார் என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லிக் கண் கலங்கினாள். சபையே தோத்திரம் சொன்னது. பக்கத்தில் இருந்தவர் என் கையைக் குலுக்கினார். எனக்குக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. அன்று மத்தியானம்கூட அவள் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்திருந்தாள்.

அந்த வாரம் செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். படிக்கு வெளியே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, கார் வழியை மறித்து நிற்கிறது என்றார்.

"அண்ணே, வியாழக்கிழமைக்கு எல்லாரும் கால வீட்லயே நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வரணும். நகம் வெட்டிடுங்க. கொஞ்சம் பவுடர் போட்டாலும் நல்லதுதான். பிள்ளைங்க பழக்கமில்லாததுங்க பாருங்க."

நான் தலையாட்டினேன்.

"அப்புறம் உங்க அப்பா விஷயம்." குரலைத் தாழ்த்தினார். "அவருக்குக் கட்டு இருக்கில்ல. மேடை ஏறி சிரமப்படணுமா? அவரு கீழ உக்காந்து ஆசீர்வாதம் பண்ணட்டுமே. போட்டோவெல்லாம் எடுக்கறாங்க, மத்த சபைங்களுக்கு அனுப்பப் போறோம்."

கழுவிய காலைக் கழுவுவதற்கு எதற்கு ஒரு பெரிய வியாழன் என்று நினைத்தேன். சீஷர்கள் செருப்புக் காலோடு சாணியிலும் புழுதியிலும் நடந்து வந்தவர்கள். நீங்கள் வீட்டில் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று ஆண்டவர் யாரையும் அனுப்பவில்லை. நினைத்ததோடு சரி. வாய் திறந்து நான் சொன்னது, "சரிங்க சார்" என்பதுதான்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்ன சரி? எனக்குச் சீட்டு விழுந்திருக்குல்லா. நான் வருவேன்."

"தாத்தா, உங்க நல்லதுக்குத்தான்…"

"புண்ணுக் கால ஒருத்தரும் தொடாண்டாம். அதுல தண்ணி படப்படாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. வலது காலு சும்மாதானே இருக்கு? அத நீட்டுதேன். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அவர் போன பிறகு, ஏன் இப்படிப் பிடிவாதம் என்று அப்பாவைக் கேட்டேன்.

"எம் பேத்தி கால் கழுவப் போறான்னு சொன்னியே. யார் காலா இருந்தா என்ன? அந்தப் பிள்ளைக்கு அது வருதான்னு பாக்கணும்ல எனக்கு," என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடது காலுக்குப் புதுக் கட்டுப் போட்டிருந்தேன். வலது காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் விட்டிருந்தேன். ஆனாலும் அது ரோடு போட்ட கால். குதிகால் முழுக்க வெடிப்பு, நகங்கள் கொம்பு மாதிரி வளைந்து மஞ்சளாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது வெளுக்காது.

மேடையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பேசின், தண்ணீரில் ரோஜா இதழ்கள். பக்கத்தில் மடித்த துண்டு. துண்டின்மேல் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை. பேக்கரியில் கேக் எடுத்துக் கொடுக்கும்போது போடுவார்களே, அது. அதைக் கண்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மேடையில் இருந்த எந்தக் காலும் எனக்கு அப்படிச் செய்யவில்லை.

அப்பா மேடையில் உட்கார்ந்தார். இரண்டு நாற்காலி தள்ளி ஔந்து மேனேஜர். மகள் அவருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். வாலிபர்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள். அப்பாவுக்கு முன்னால் யாருமில்லை. கராடிப் பையன் வரவில்லை. பேசினில் இதழ்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

போதகர் ஜெபித்து முடித்தார். பாட்டு ஆரம்பித்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்பா வலது காலைத் தூக்கிப் பேசின் ஓரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இடது கால் கட்டில் ஈரம் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். போக வேண்டியது நான்தான் என்று தெரிந்தது. இத்தனை பேருக்கு நடுவே அவ்வளவு தூரம் நடக்க என் கால் எழவில்லை.

செயலாளர் குனிந்தபடி மேடைக்குப் போய் அப்பாவின் காதருகே பேசினார். முதல் பெஞ்சுவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"தாத்தா, பையன் வரல. வாங்க, கீழ போய் உக்காந்துக்கலாம்."

"கெடக்கட்டும். பாட்டு முடியட்டும்," என்றார் அப்பா. காலை எடுக்கவில்லை.

அப்போது ஔந்து மேனேஜர் தன் காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார். என் மகளைப் பார்த்து, மெதுவாகத்தான், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்.

"போதும்மா. இந்தக் கால்ல ஒண்ணும் அழுக்கில்ல, ஐ வாஷ்ட் இட் அட் ஹோம். அங்க உன் தாத்தா உக்காந்திருக்கார். கோ."

மகள் திரும்பிப் பார்த்தாள். பயந்துதான் போனாள். எல்லோரும் பார்க்கிறார்கள், வேறு வழியில்லை. முட்டியாலேயே நகர்ந்து அப்பாவின் பேசினுக்கு முன்னால் வந்தாள். கையுறை போட்ட கையால் தண்ணீரை அள்ளி அப்பாவின் வலது காலில் விட்டாள். பக்கத்திலேயே இடது கால். அவள் முகம் அதற்கு நேரே இருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முன்வரிசையில் ஓர் அம்மா தோத்திரம் சொன்னாள். அழவில்லை. ஓங்கரிக்கிறாள்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"ஏட்டி, வாந்தி வருதுன்னா வெளிய போயி எடுத்துட்டு வா. நான் எங்க ஓடப் போறேன்? இங்கதான இருக்கேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கக் கதவு வழியாக ஓடினாள். பாட்டு நின்றுவிட்டது. செயலாளர் பாடுங்கள், பாடுங்கள் என்று கையைக் காட்டினார். நான் வெளியே போனேன். வெளியே போவதற்கு எனக்குக் கால் எழுந்தது.

குழாயடியில் குனிந்து நின்றாள். நான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"முடியல அப்பா. ஸாரி. ஐ ட்ரைட். எப்படி நீங்க மட்டும்… உங்களுக்கு ஒண்ணுமே ஆகாதா?"

அவளிடம் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். சாட்சி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஸ்டூலைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"எனக்கும் தினம் குமட்டும்."

"உங்களுக்குமா?"

"தினமும். சில நாள் கட்டுப் போட்டுட்டு வந்து சாப்பாடு இறங்காது."

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"நான் மூச்சைப் பிடிக்கிறத அவரு பாத்துட்டுத்தான இருக்காரு."

அவள் என்னையே பார்த்தாள். தாத்தாமேல் அன்பிருந்தால் நாற்றம் தெரியாது, எனக்குத்தான் தெரிகிறது, அதனால் நான்தான் கெட்டவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். இதை அவள் வெகுநாள் கழித்து அம்மாவிடம் சொன்னாள். சபையில் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தானே. அன்பு, அன்பு என்று ரோஜா இதழில் போட்டுக் காட்டினார்கள். அருவருப்பு வரும், வந்தாலும் பக்கத்தில் இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தகப்பன் நானும் சொல்லவில்லை.

புனேயில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்பிள்ளைகள் புழுதிக்காகத் தலை முழுக்க ஒரு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியும்படி போவார்கள். என் மகள் பையிலிருந்து தன் ஸ்கார்ஃபை எடுத்தாள். இரண்டு சுற்று, பின்னால் ஒரு முடிச்சு. அப்படியே உள்ளே போனாள். நேராக நடுவழியில் நடந்து, மேடை ஏறி, அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மண்டியிடவில்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெறுங்கையால் அந்த வலது காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சபையில் சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் இது என்ன கோலம் என்று சத்தமாகவே கேட்டார். போட்டோ எடுப்பவன் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கொள்ளையடிக்க வந்தவ மாதிரில்லா இருக்கா," என்றார் அப்பா.

"பேசாதீங்க தாத்தா. பேசுனா மறுபடி வாமிட் வரும்."

"சரி, பேசல."

அவள் குதிகால் வெடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். அப்பாவுக்குக் கூசியிருக்க வேண்டும், நெளிந்தார். அந்தக் கிழவர் முகத்தை நான் எழுதப் போவதில்லை. எழுத வராது.

ஈஸ்டர் அன்று சபையில் அறிக்கை வாசித்தார்கள். தலைமுறைகள் இணைந்தன, கண்ணீரோடு இணைந்தன, அடுத்த ஆண்டும் தேவசித்தமானால் நடத்துவோம் என்றார்கள். சுவரில் படங்கள் ஓடின. பவுடர் போட்ட கால்கள், கையுறைகள், இதழ்கள். கராடிப் பையன் அப்பாவின் தோளில் கைபோட்டு எடுத்த படமும் வந்தது, நீடித்த நட்பு என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஸ்கார்ஃப் கட்டிய பெண்ணின் படம் இல்லை. எனக்கு மறுபடியும் அதே புரட்டல். ஆனால் பக்கத்தில் இருந்த மகள் என் பக்கம் சாய்ந்து, "சீ" என்றாள். மெதுவாகச் சொன்னாள், எனக்கு மட்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சில நாள் பக்கத்து வீட்டுக்கு ஓடத்தான் செய்தாள். சில நாள் இருந்தாள். இருக்கிற நாளில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, எனக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பாள். ஓங்கரிப்பாள். அதைப் பார்த்து எனக்கும் வரும். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம் செயலாளர் மறுபடியும் வந்தார். அப்பாவிடம் நாலு வார்த்தை சாட்சியாக வாங்கி அச்சுப்போட வேண்டுமாம். கட்டைப் பிரித்திருந்த நேரம். அவர் படியிலேயே நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அப்புறமா வரட்டுமா?" என்றார்.

"உள்ள வாங்க அங்கிள்," என்றாள் மகள், துணிக்குள்ளிருந்து. "எங்கிட்ட இன்னொரு ஸ்கார்ஃப் இருக்கு. தரட்டா?"

அவர் வரவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் புதுத் துணியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"அப்பா, இவ்ளோ டைட்டா கட்டாதீங்க," என்று என் கையைத் தட்டிவிட்டாள். "தாத்தாவுக்கு வலிக்குது. அவர் சொல்லமாட்டார். முகத்தப் பாருங்க."

அத்தனை வருடமும் நான் காலைத்தான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு வலிக்கத்தான் செய்தது. அவிழ்த்துவிட்டு, தளரச் சுற்றினேன்.